ஒரு நாளைக்கு எத்தன வாட்டி

1

போன வாரம் தருமபுரிப் பக்கத்து எங்கள் ஊர் இண்டூரிலிருந்து தம்பி அருள் போன் செய்தான். அம்மா இறந்த நாள் வருகிறது, வழக்கம்போல மாதா கோவிலில் பூசைக்குச் சொல்லிவிட்டதாகச் சொன்னான்.  வைக்கப் போனவன் மறுபடி கூப்பிட்டான்.

"அக்கா, எம் பையன் கேக்கறான், ஒங்கம்மா எப்பிடிப்பா இருப்பாங்க, அப்பல்லாம் நீங்க எப்பிடி இருந்தீங்கன்னு. எனக்கு அம்மா படுத்துக்கிட்டு இருந்தது மட்டுந்தான் நெனப்புல இருக்குது. எந்திரிச்சு நடந்தத நான் பாத்தனான்னே தெரியல. நீ பெரியவ. கொஞ்சம் சொல்லேன்."

"எழுதி அனுப்பறன்டா" என்றேன். போனில் சொல்ல முயன்றால் பாதியில் நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும்.

நான் இந்த நாட்டுக்கு வந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது. நியூசிலாந்தில் ஒரு சின்ன ஊர். மனிதர்களைவிட மாடுகள் அதிகம். என் கணவர் சவரிமுத்து இங்குள்ள பால்பவுடர் தொழிற்சாலையில் வெல்டராக இருந்தார். நான் காலையில் ஒரு பள்ளிக்கூடத்தைச் சுத்தம் செய்யும் வேலைக்குப் போகிறேன். ஒரே மகள் ரீனா. அவள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள்.

அம்மாவோடு நான் பதினைந்து வருடம் இருந்தேன். அதில் கடைசி இரண்டு வருடத்தை இரண்டு கண்ணாலும் பார்த்தேன். ஆனால் பார்த்தது என்ன என்று எனக்குப் புரிந்தது இப்போதுதான். அதுவும் இண்டூரில் புரியவில்லை. இங்கே புரிந்தது.

2

எண்பதுகளின் நடுவில், ஒரு மழைக்கு முந்தைய சாயங்காலம், அம்மா ராகித்தாள் போரை மூடுவதற்காக மேலே ஏறினாள். காற்று பலமாக அடித்தது. தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு எட்டிக் கட்டப் போனவள் அப்படியே பின்பக்கமாக விழுந்தாள். கீழே வேலிக்கு நட்டிருந்த கல்லுக்கால். முதுகு அதன் மேல் பட்டது. தருமபுரி ஆஸ்பத்திரியில் பல வாரம் வைத்துப் பார்த்தார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பாது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அம்மாவின் பெயர் தெரேசா. அப்பா சின்னப்பன். இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம், ஒரு ஜோடி மாடு. எனக்குப் பதின்மூன்று வயது, அருளுக்கு ஐந்து.

அப்பா அதுவரை ஒரு டம்ளரைக்கூடக் கழுவி வைத்தவரில்லை. அம்மாவைக் கயிற்றுக் கட்டிலில் கொண்டுவந்து இறக்கிய மறுநாள் காலையில் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் அவரே செய்யத் தொடங்கினார். யாரும் கேட்கவில்லை, அவரும் யாரிடமும் சொல்லவில்லை.

விடிவதற்கு முன் சைக்கிளின் இரண்டு பக்கமும் குடத்தைக் கட்டிக்கொண்டு அடிபம்புக்குப் போவார். வரிசையில் அவர் ஒருவர்தான் ஆண். முதலில் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். கொஞ்ச நாளில், "அண்ணன மொதல்ல வுடுங்கடி" என்று அவர்களே வழிவிட்டார்கள். வந்ததும் அம்மாவைத் துடைத்துவிட்டு, ஈரத்துணிகளை ஒரு பழைய சிமெண்டுச் சட்டியில் போட்டு மூடி எடுத்துக்கொண்டு, ஊரைத் தாண்டிப் பாறைக்குட்டைக்குப் போவார். மற்றவர்கள் துவைக்கிற இடத்தில் அதைத் துவைக்க ஊரில் விடவில்லை. திரும்பி வந்து களி கிண்டுவார். களி கட்டி கட்டியாகத்தான் வரும். அம்மா சிரித்துக்கொண்டே விழுங்குவாள்.

முதுகில் புண் வராமல் இருக்க வாழையிலை போட்டுப் படுக்க வைக்கச் சொல்லியிருந்தார்கள். வாழை உள்ள தோட்டம் தூரத்தில் இருந்தது. அப்பா போய்க் கேட்டு வாங்கி வந்து, நடு நரம்பைச் சீவிவிட்டுக் கட்டிலில் பரப்புவார். ஒரே பக்கமாகப் படுக்கக் கூடாது என்பதால், கோவில் மணி அடிக்கும்போதெல்லாம் வயலிலிருந்து ஓடி வந்து அம்மாவைத் திருப்பிப் படுக்க வைப்பார். கையில் மண் இருக்கும். வாசலிலேயே வேட்டியில் துடைத்துக்கொண்டு உள்ளே வருவார்.

ஞாயிற்றுக்கிழமை தலை சீவிவிடுவார். அவருக்குத் தெரிந்தது கயிறு திரிப்பது மட்டும். அம்மாவின் பின்னலும் மாட்டுக் கயிறு மாதிரியே முறுக்கிக்கொண்டு நிற்கும். அம்மா கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இத புடிச்சுக் கெணத்துல எறங்கலாம் போல இருக்குதே" என்பாள்.  அப்பாவின் காது சிவந்துபோகும்.

அப்பாவின் அக்கா, என் அத்தை, பாப்பிரெட்டிப்பட்டியில் வாழ்க்கைப்பட்டவர். ஒருநாள் பஸ் பிடித்து வந்து இறங்கினார். வீட்டுக்குப் பக்கவாட்டில், தெருவைப் பார்த்த மாதிரி, அம்மாவின் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. மாதவிலக்குத் துணியும் அவற்றோடு இருந்தது. அத்தை பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"என்னாடா சின்னப்பா இது? பொம்பள துணிய ரோட்டுல போறவன் வர்றவன் பாக்கற மாதிரி போட்டு வெச்சிருக்கற? ஊரு சிரிக்குதுடா."

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க. நல்ல வெயில்ல காஞ்சாத்தான் புண்ணு வராதுன்னு நர்சம்மா சொன்னாங்க."

"செரி, பொண்ணு இருக்கறா இல்ல? அவகிட்ட வுடேன். இவ படிச்சு என்னா பண்ணப் போறா?"

நான் அடுப்படியில் நின்றிருந்தேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அது பாப்பா வேல இல்லக்கா. எம் வேல. அவ பள்ளிக்கோடம் போவட்டும்."

"அப்ப சிஸ்டருங்க நடத்தற இல்லத்துல கொண்டு போய் வுட்டுரு. அவங்க நல்லாப் பாத்துக்குவாங்க. நீ எத்தன நாளைக்குடா இப்பிடி அல்லாடுவ? கண்ணாடியில ஒம் மொகத்தப் பாத்தியா?"

உள்ளே கட்டிலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அக்கா சொல்றது செரிதானங்க. என்னைய அங்க வுட்டுருங்க."

அப்பா எழுந்து உள்ளே போனார். என்ன சொன்னார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. வெளியே வந்து, "அக்கா, சாப்பிட்டுட்டுப் போ" என்றார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

நான் பத்தாம் வகுப்பை முடித்ததும், அதற்கு மேல் படித்ததும், இங்கே வந்து நின்றதும் அந்த ஒரு வாக்கியத்தால்தான். அது பாப்பா வேலை இல்லை.

3

இப்போது இங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தபோதே என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. அவற்றோடு இங்கிலீஷும் போனது. இத்தனை வருடம் இங்கே பேசிய மொழி முழுவதும் துடைத்த மாதிரி போய்விட்டது. மிஞ்சியது கொஞ்சம் தமிழ். அதிலும் சின்ன வயதில் பேசிய எங்கள் பக்கத்துத் தமிழ்தான்.

ரீனாவுக்கு அந்தத் தமிழ் தெரியாது. சின்னப் பிள்ளையில் பேசினாள். பள்ளிக்கூடம் போனதும் நிறுத்திவிட்டாள். நாங்களும் சரி என்று விட்டுவிட்டோம். ஆஸ்பத்திரியில் அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "வூட்டுக்கு... வூட்டுக்கு..." என்றார். அவள் அவசரமாகப் போனை எடுத்து அவர் வாயருகே வைத்தாள், மொழிபெயர்த்துச் சொல்லும் என்று. போன் அதை இங்கிலீஷ் என்று நினைத்துக்கொண்டு 'வுட்', அதாவது மரக்கட்டை என்று காட்டியது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "அப்பாவுக்குக் கட்டை எதுக்கும்மா?" என்று இங்கிலீஷில் கேட்டாள். நான் சொன்னதும் நடைவழிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.

வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு, எங்களுக்கு எவ்வளவு உதவி தேவை என்று கணக்கெடுக்க அரசாங்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். நல்ல மனுஷி. மடியில் கணினியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். தானே சாப்பிடுகிறாரா, தானே சட்டை போடுகிறாரா. பிறகு, "ஆக்சிடெண்ட் ஏதாவது ஆகிறதா?" என்றார்.

நான் பெருமையாக, "இல்லவே இல்லை. இத்தனை வருடம் கார் ஓட்டினார், ஒரு கீறல்கூட விழவில்லை" என்றேன்.

அவர் புன்னகைத்தபடி எதையோ தட்டிக்கொண்டார். படுக்கையை நனைத்துக்கொள்வதைத்தான் இங்கே மரியாதையாக அப்படிச் சொல்கிறார்கள் என்று பல வாரம் கழித்து ரீனா சொல்லித்தான் தெரிந்தது. அந்தப் பதிலால் எங்களுக்குக் காலையில் மட்டும் உதவிக்கு ஆள் வந்தது. மாற்றிச் சொல்ல நாலைந்து முறை போன் செய்தேன். மறுபடி வந்து பார்க்க வரிசை இருக்கிறது, காத்திருங்கள் என்றார்கள். காத்திருந்தோம்.

ஆக மற்ற நேரமெல்லாம் நான் ஒருத்திதான். இங்கே குழாயைத் திருகினால் வெந்நீர் வருகிறது. துணியை இயந்திரம் துவைக்கிறது, இன்னொரு இயந்திரம் காயவைக்கிறது. கட்டிலைப் பொத்தானை அழுத்தித் தூக்கலாம், இறக்கலாம். இத்தனையும் இருந்தும் மூன்றாம் மாதத்தில் என் இடுப்பு போய்விட்டது. அவரைப் புரட்டி, ஈர விரிப்பை உருவி, உலர்ந்ததைச் செருகி நிமிர்வதற்குள் கண் இருட்டும். அப்போதெல்லாம் அப்பா ஞாபகம்தான் வரும். குடத்துத் தண்ணீரிலும் வாழையிலையிலும் அவர் இதை எப்படிச் செய்தார்? மாடு கட்டி ஏரும் ஓட்டிவிட்டு எப்படிச் செய்தார்?

கேட்க அவர் இல்லை.

4

அம்மா படுத்த இரண்டாம் வருடம் மழை பெய்யவில்லை. எங்கள் பக்கத்தில் அது புதிதல்ல. ஆனால் அந்தக் கோடையில் பாறைக்குட்டையும் வற்றியது. அடிபம்பை எவ்வளவு அடித்தாலும் காற்றுதான் வந்தது. அப்பா சைக்கிளில் இன்னும் தள்ளியிருந்த ஒரு கிணற்றுக்குப் போனார். ஒரு நடை போய்வந்தால் பாதிப் பகல் போய்விடும்.

ஒருநாள் மத்தியானம் அவர் தண்ணீர் கொண்டுவந்து இறக்கி, அம்மாவின் துணியை மாற்றி, நனைந்ததை அலசிப் போட்டுவிட்டு அப்போதுதான் களித்தட்டின் முன் உட்கார்ந்தார். முதல் உருண்டையைக் கையில் எடுத்தார். அம்மா உள்ளேயிருந்து மெதுவாகக் கூப்பிட்டாள். மறுபடி நனைந்துவிட்டது.

அப்பா உருண்டையைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்தார். அவர் கத்தவில்லை. குரலில் கோபம்கூட இல்லை. மூச்சு வாங்குகிறவர் கேட்கிற மாதிரி கேட்டார்:

"ஒரு நாளைக்கு எத்தன வாட்டி தெரேசு?"

 அப்பா துணியை மாற்றிவிட்டு வந்து சாப்பிட்டார். அவ்வளவுதான். நான் அதை மறந்தும் போனேன்.

அந்தக் கோடையைப் பற்றி வேறொன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அம்மாவுக்குத் தாகம் எடுக்காது. அத்தனை வெயிலில் நாங்கள் நாக்குத் தள்ளிக் கிடப்போம். பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் சொம்பை எடுத்துக்கொண்டு போனால் தலையை ஆட்டுவாள். "இப்பத்தான் பாப்பா குடிச்சன். நெஞ்சு வரைக்கும் இருக்குது." அல்லது, "அருளு வெளாடிட்டு வந்திருக்கறான் பாரு, அவனுக்குக் குடு." அருள் கட்டிலோரமாக நின்று சொம்பு முழுவதையும் மடமடவென்று குடித்துவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொள்வான். அம்மா அதைப் பார்த்துச் சிரிப்பாள். அவள் உதடு வெடித்துத் தோல் உரிந்திருக்கும். அப்பா கொஞ்சம் விளக்கெண்ணெய் தொட்டுத் தடவிவிடுவார்.

துணி நனைவது குறைந்தது. அப்பாவுக்கு ஒருநடைத் தண்ணீர் போதுமானதாக இருந்தது. மத்தியானத்தில் சற்றுக் கண் மூடவும் முடிந்தது. அம்மாவுக்கு உடம்பு தேறி வருகிறது என்றுகூட நாங்கள் பேசிக்கொண்டோம்.

பிறகு காய்ச்சல் வந்தது. குளிரில் கட்டிலே ஆடியது. வண்டி கட்டித் தருமபுரிக்குக் கொண்டுபோனோம். சிறுநீரில் கிருமி, அது ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார் டாக்டர். "தண்ணி நெறையக் குடிச்சாங்களா?" என்று கேட்டார்.

"குடுத்தா வேணாம்னுதாங்க சொல்லும்" என்றார் அப்பா. "அதுக்குத் தாகமே எடுக்காதுங்க."

மூன்றாம் நாள் அம்மா போய்விட்டாள். அப்பா அதற்குப் பிறகு வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது அம்மாவைப் பற்றிப் பேசினால் ஆச்சரியமாகச் சொல்வார்: "அந்த வெயில்லயும் அவளுக்குத் தாகமே எடுக்கல பாருங்க." சாகும்வரை அப்படித்தான் சொன்னார்.

5

போன மழைக்காலத்தில் ஒருநாள். எனக்கு இடுப்பு வலி, கூடவே சளி. இவருக்கு விரிப்பை மாற்றிவிட்டு மருந்துக் கடைக்குப் போகக் கிளம்பினேன். சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது மறுபடி நனைத்துவிட்டார். பஸ் போய்விடும். அடுத்தது வர நேரமாகும். கைப்பையைக் கீழே வைத்தேன்.

"ஒரு நாளைக்கு எத்தன வாட்டிங்க?"

நானும் கத்தவில்லை. அவரைத் திட்ட வேண்டும் என்று ஒரு நொடிகூட நினைக்கவில்லை. வலி தாளாமல் வாயிலிருந்து விழுந்த வார்த்தை. அவர் என்னைப் பார்த்தார். மாற்றிவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டு வந்தேன்.

மறுநாளிலிருந்து அவர் குடிக்க வாயைத் திறக்கவில்லை. கஞ்சியைக் கொடுத்தால் வாங்குவார், தண்ணீர் என்றால் உதடு மூடிக்கொள்ளும். டீ, ஜூஸ் எதுவானாலும் அப்படித்தான். டம்ளரை இடது கையால் மெல்லத் தள்ளிவிடுவார். "தாகமா இல்லையா?" என்பேன். தலையை ஆட்டுவார். விரிப்பு காய்ந்தே இருந்தது. நான் முழுத் தூக்கம் தூங்கினேன். அவருக்குக் கொஞ்சம் கட்டுப்பாடு திரும்பிவிட்டது என்று ரீனாவிடம் போனில் சந்தோஷமாகச் சொன்னேன்.

காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ஓர் இளவயது டாக்டர் வந்தார். ரத்தத்தில் கிருமி என்றார். வீட்டில் தண்ணீர் சரியாகக் குடித்தாரா என்று கேட்டார்.

நான் இங்கிலீஷில் வாக்கியத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அவருக்குத் தாகம் எடுப்பதில்லை டாக்டர். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். 

எதிரே அவர் வெடித்த உதடுகளோடு படுத்திருந்தார். எனக்கு அந்தக் களித்தட்டு தெரிந்தது. அப்பா எழுந்தது தெரிந்தது. அவர் கேட்டது காதில் விழுந்தது. அம்மாவுக்குத் தாகம் எடுத்திருக்கிறது. அந்த வெயிலில், அந்த ஓட்டுவீட்டில், ஒவ்வொரு நாளும் எடுத்திருக்கிறது. அருள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே அவள் பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறாள், அப்பா சாப்பிட்டு முடிக்கட்டும் என்று. ஒரு நடை மிச்சமாகட்டும் என்று.

டாக்டர் மறுபடி கேட்டார். "குடிக்கவில்லை" என்றேன். "என்னால் முடியவில்லை என்பதால் அவர் குடிக்கவில்லை."

அவருக்கு அது விளங்கியதோ என்னவோ. என் தோளைத் தொட்டுவிட்டு நகர்ந்தார்.

அப்பாவுக்கு இது தெரியாமல் போனது நல்லது. ஒரே ஒருமுறை, களைப்பில் கேட்ட கேள்வி. அதை எங்கிருந்து கேட்டார் என்று இன்று என் இடுப்பெலும்புக்குத் தெரியும். அவர்மேல் எனக்கு ஒரு துளி வருத்தம் இல்லை. 

6

இவர் பிழைத்துக்கொண்டார். வீட்டுக்கு அனுப்பும் நாள் வந்ததும் ரீனாவும் ஆஸ்பத்திரி ஆட்களும் என்னை உட்கார வைத்துப் பேசினார்கள். முதியோரைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று எங்கள் ஊரிலேயே இருக்கிறது, இடம் இருக்கிறது என்றார்கள். நான் முடியாது என்றேன். எங்கப்பா அனுப்பவில்லை, நான் அனுப்பமாட்டேன் என்றேன். ரீனாவுக்கு அந்தக் கதை தெரியாது. நான் அவளுக்குச் சொன்னதே இல்லை.

கட்டிலிலிருந்து அவர், "வூட்டுக்கு" என்றார். நான் ரீனாவைப் பார்த்தேன், கேட்டாயா என்கிற மாதிரி. அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டு மீதியைச் சொன்னார்: "வேணாம்."

"என்னம்மா சொல்றாங்க?" என்றாள் ரீனா.

"வீட்டுக்கு வரமாட்டாராம்."

அவள் அழுதாள். நான் அழவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டேன்.

அங்கே சீனா என்ற பெயரில் ஒரு சமோவாத் தீவுப் பெண் அவரைப் பார்த்துக்கொள்கிறாள். நல்ல உயரம், பலமான கை. அவரைக் குழந்தையைப் போலத் தூக்கி உட்கார வைப்பாள். முதல் வாரம் நான் அவளிடம், "அவர் தண்ணீர் குடிக்கமாட்டார், கொஞ்சம் கட்டாயப்படுத்த வேண்டும்" என்றேன்.

அவள் வியப்போடு பார்த்தாள். "இவரா? நன்றாகக் குடிக்கிறாரே. தன்னி, தன்னி என்று கேட்டு வாங்கிக் குடிக்கிறார். உங்கள் மொழியில் எனக்கு வந்த முதல் வார்த்தையே அதுதான்."

நான் அன்று ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "குடிங்க" என்றேன். உதடு மூடிக்கொண்டது.

"இங்க நான் தொவைக்கறது இல்லைங்க. அவங்க பாத்துக்கறாங்க. குடிங்க."

அவர் டம்ளரைப் பார்க்கவில்லை. இடது கையைக் கொண்டுவந்து என் முதுகுக்குப் பின்னால் வைத்தார். தடவித் தடவி, இடுப்பில் வலிக்கிற இடத்தைக் கண்டுபிடித்து அங்கேயே கையை வைத்துக்கொண்டார். "நீ... ஒருத்தி" என்றார். அதற்கு மேல் வார்த்தை கிடைக்கவில்லை.

பிறகும் பலநாள் முயன்றேன். நான் அறையில் இருக்கும்வரை அவர் யார் கையிலும் வாங்கிக் குடிப்பதில்லை. குடித்தால் நனையும் விரிப்பை நானே மாற்ற வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறாரோ, என்னவோ. கேட்டால் சொல்ல அவரிடம் வார்த்தை இல்லை.

அதனால் இப்போது மத்தியானத்தில் சீனாவின் தள்ளுவண்டிச் சத்தம் கேட்டதும் நான் எழுந்துகொள்கிறேன். "பஸ் எப்பன்னு பாத்துட்டு வர்றங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்துகிறேன். அவர் குடித்து முடிக்கும்வரை நடைவழியில் நிற்கிறேன்.